சோடாப் பெட்டி சூடேறுதல்: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மரபுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

நூல் எழுதுபவன் முதலில் எல்லையைச் சொல்லவேண்டும் என்பது இலக்கண மரபு. இவ்வாய்வின் எல்லை வடக்கே களனி கங்கை, தெற்கே தெகிவளைக் கால்வாய், மேற்கே கடல், கிழக்கே பேஸ்லைன் வீதி. கேட்போர் யார் என்றும் சொல்லவேண்டும்: பிற்பகல் இரண்டு மணிக்குக் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி, குளிர்ந்திருக்கும் என்று நம்பி ஒரு சோடா வாங்கி, வாயில் வைத்ததும் ஆறிய தேத்தண்ணியோ என்று ஐயுற்றவர்கள் அனைவரும். பயன் என்னவென்றால், அவர்களுடைய கோபம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்தல்.

நுதலிய பொருள் ஒரு சிவப்புப் பெட்டி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு பலசரக்குக் கடையின் உள்சுவரோடு அது நிற்கிறது. காசு போட்டால் சோடா தரும் இயந்திரம்; 1950களின் அமெரிக்க வேலைப்பாடு. மூடியைத் தூக்கினால் இரும்புத் தண்டவாளங்களுக்கு இடையில் போத்தல்கள் கழுத்தால் தொங்கிக்கொண்டு நிற்கும். காசு விழுந்ததும் வாசல் ஒரேயொரு போத்தலுக்கு மட்டும் திறக்கும்; வேண்டியதைக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த வாசலால் எடுக்கவேண்டும். கடை முதலாளியின் மைத்துனர் கனடாவில் ஸ்காபரோவை விட்டு ஊரோடு வந்தபோது கப்பலில் ஏற்றி வந்த சாமான் இது. 2022 மார்ச் 31 அன்று இலங்கையில் 13 மணித்தியாலம் மின்வெட்டு என்ற செய்தியை அங்கிருந்து பார்த்த பிறகும், மின்சாரத்தில் ஓடும் பெட்டியோடு வந்தவர் அவர். ஆகவே அவருடைய சாட்சியம் இவ்வாய்வில் தகுந்த எச்சரிக்கையோடு கையாளப்படுகிறது.

1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் அதே வெள்ளவத்தையில்தான் இருக்கிறது. ஆயினும் பெட்டி சூடேறியபோது முதலாளி நூலகம் நாடவில்லை; கொட்டாஞ்சேனையில் பிரிட்ஜ் திருத்தும் பாசுக்குப் போன் போட்டார். ஏட்டறிவுக்கும் கையறிவுக்கும் இடையிலான இந்தப் பழைய பிளவை ஒட்டவைப்பதே எமது எளிய நோக்கம்.

கருதுகோளை இப்போதே சொல்லிவிடுகிறோம். மறைத்து வைக்க இது துப்பறியும் கதை அல்ல. பழுது பெட்டியில் இல்லை. சுவரில் இருக்கிறது.

முன்வரலாறு

காசு வாங்கிக்கொண்டு பானம் தரும் பெட்டியை முதலில் விவரித்தவர் கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன். ஐந்து திராக்மா நாணயத்தைப் போட்டால் அது உள்ளே ஒரு நெம்புகோலின் முனையில் விழும், நெம்புகோல் சாயும், அடைப்புத் திறந்து கோயில் தீர்த்தம் ஒழுகும், நாணயம் சறுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். வியாபாரத்தின் முழுத் தத்துவமும் அதில் அடங்கிவிட்டது. குளிரூட்டும் தொகுதி மட்டும் இல்லை. அதனால்தான் அந்தப் பெட்டிக்குக் காஸ் அடித்தவர் எவரும் வரலாற்றில் இடம்பெறவில்லை.

தண்ணீருக்குள் காஸ் ஏற்றியது பிற்காலத்துச் செயல். 1767 இல் லீட்ஸ் நகரில் ஒரு பியர்த் தொட்டிக்கு மேலே தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொங்கவிட்டு யோசப் பிறீஸ்ற்லி அதைச் செய்து காட்டினார். இங்கேதான் குளிர் அலங்காரம் என்ற நிலையிலிருந்து அத்தியாவசியம் என்ற நிலைக்கு உயர்கிறது. 0 பாகையில் ஒரு லீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1.7 லீட்டர் கரியமில வாயுவைத் தன்னுள் வைத்திருக்கும். 30 பாகையில் 0.66 லீட்டர்தான். கொழும்பின் சாதாரண மத்தியானம் 30 பாகை. ஆகவே சூடான சோடாவைத் திறப்பவர் குடிக்கப்போவது சீனித் தண்ணீர். வாயு முதல் நொடியிலேயே காலி வீதிப் பக்கம் போய்விடுகிறது.

குளிர் இந்தப் பக்கத்துக்குக் கப்பலில்தான் முதலில் வந்தது. பொஸ்ரன் நகரத்து பிரெடெரிக் டியூடர் 1833 இல் ஏரிப் பனிக்கட்டியை வெட்டிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அவருடைய சரக்கை வைக்க 1842 இல் கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அந்தக் கட்டடத்தில்தான் 1897 இல் விவேகானந்தர் தங்கினார். அதற்குச் சில வாரங்கள் முன்னர், அந்த ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி, அவர் மேலைநாட்டிலிருந்து திரும்பிக் கால் வைத்த முதல் ஊர் கொழும்பு. 1902 இல் கொழும்பில் விவேகானந்த சபை தோன்றியது. கொட்டாஞ்சேனையில் ஒரு மேட்டுக்கே அவர் பெயர் இருக்கிறது. பனிக்கட்டிக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் இப்படி ஒரு தெய்வீகத் தொடர்பு இருப்பதை இதுவரை எந்த ஆய்வாளரும் கவனிக்கவில்லை. தொடர்பு பலவீனமானது என்று சொல்வோர், ஆய்வுக் கட்டுரைகளை அதிகம் வாசித்தறியாதவர்கள்.

இலங்கைக்கு ஐஸ் செய்யும் மெஷினைக் கொண்டுவந்தது 1866 இல் தொடங்கிய கொழும்பு ஐஸ் கொம்பனி. யானை முத்திரையோடு கொம்பனித்தெருவில் வளர்ந்து, பின்னர் சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ் ஆகி, ஜிஞ்சர் பியரும் கிறீம் சோடாவும் நெக்டோவும் தந்தது அந்த வம்சம்தான். கொழும்புக் கோட்டையில் பிறிஸ்டல் ஹோட்டலில் மின்விளக்கு எரிந்ததோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். அதாவது இந்த நகரம் மின்சாரத்தைக் காண்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஐஸ் செய்யத் தொடங்கிவிட்டது. இத்தகவலை நினைவில் வைத்துக்கொள்ளவும். ரெஜிபோம் பெட்டி பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கல்வெட்டு

பெட்டியின் முதுகில் ஒரு பெயர்த் தகடு உண்டு. வெள்ளவத்தையின் உப்புக் காற்று அதைத் தின்று, இரண்டு எண்களை மட்டும் மிச்சம் விட்டிருக்கிறது: 115, 60. இவற்றுக்கு மூன்று பாடங்கள் நிலவுகின்றன. 115 என்பது அந்தக் காலத்து விலை, 60 என்பது உத்தரவாத மாதங்கள் என்பது முதலாளி பாடம். 115 வோல்ட், 60 பெட்டியின் வயது என்பது மைத்துனர் பாடம். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பது கொட்டாஞ்சேனை பாஸ் கொண்ட பாடம். மூன்றாவதே மூலபாடம் என்பதை மோட்டாரின் மணமே உறுதிப்படுத்தியது.

இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மைத்துனர் இதில் பாதியை அறிந்திருந்தார். 110 வோல்ட்டுக்கு இறக்கும் ஒரு ட்ரான்ஸ்போமரை வாங்கி மாட்டினார். வோல்ட் அடங்கியது. ஹெர்ட்ஸ் அடங்குமா? ட்ரான்ஸ்போமர் எத்தனை வோல்ட்டுக்கு இறக்கினாலும் 50 என்பது 50 ஆகவே மறுபக்கம் வெளிவரும். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டார் 50 இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அதைவிடப் பெரிய கேடு, அதன் இரும்பு உள்ளகம் தாங்கக்கூடிய காந்தப் பாயத்தின் எல்லைக்கு மேலே போய், மின்னோட்டம் கூடி, சும்மா நின்றே சூடேறுவது. 60 இல் 115 வோல்ட் கேட்கும் மோட்டாருக்கு 50 இல் 96 வோல்ட்டுக்குக் கிட்டவே கொடுக்கவேண்டும். கொழும்பில் இதற்கு விடை வீதியிலேயே கிடக்கிறது: ஜப்பானில் பாவித்த சாமான்களை ஓட்டுவதற்கென்று விற்கும் 100 வோல்ட் ட்ரான்ஸ்போமர். அமெரிக்க நோய்க்கு ஜப்பானிய மருந்து. பாஸ் பிறகு மாட்டியது அதைத்தான். இதற்கு எந்தச் சூத்திரமும் அவர் எழுதிக் காட்டவில்லை. நூற்றுப்பத்தில் மோட்டார் சுடுகிறது, நூறில் சுடவில்லை, அவ்வளவுதான்.

காஸ்வாதமும் அதன் மறுப்பும்

கொழும்பில் எந்தக் குளிர்ப்பெட்டி குளிராவிட்டாலும் எழும் முதல் கோட்பாடு ஒன்றே. அதைக் காஸ்வாதம் என்க. காஸ்வாதிகளின் கொள்கைப்படி, குளிர் என்பது காஸ்; காஸ் நாளடைவில் தேயும்; தேய்ந்ததை அடித்து நிரப்பினால் குளிர் மீளும். தர்க்க அழகு மிக்க கொள்கை. பரிசோதனைக்கு முன்னரே முடிவு கையில் இருப்பதால் நேரமும் மிச்சம். காஸ் அடிப்பவருக்கும் அதில் நட்டமில்லை.

இந்தக் கொள்கையில் உள்ள ஒரே குறை, அது உண்மையல்ல என்பது. குளிரூட்டும் சுற்று ஒரு மூடிய சுற்று. உள்ளே இருக்கும் காஸ் எரிவதில்லை, செலவாவதில்லை. ஆவியாகி, அமுங்கி, மீண்டும் திரவமாகி, அதே வட்டத்தில் ஆண்டுக்கணக்காக ஓடுகிறது. ஓட்டை இருந்தால் போகும். ஓட்டை இல்லாவிட்டால் போக வழியில்லை. ஓட்டை இருந்து, அதைத் தேடி அடைக்காமல் காஸ் அடித்தவர் அடுத்த மாதத்துக்கும் தனக்கு வேலை ஒழுங்கு செய்துவிட்டுப் போகிறார்.

எமது பெட்டிக்கு மூன்று காஸ்வாதிகள் வந்து போயிருந்தார்கள். நாலாவதாக அழைக்கப்பட்டவர் கொட்டாஞ்சேனை பாஸ். அவர் வந்து சேர்ந்தபோது நிகழ்ந்த உரையாடல் ஆய்வின் முதன்மைச் சான்று என்பதால் அப்படியே தரப்படுகிறது.

“என்ன பாஸ், திரும்பவும் காஸ் போட்டுதோ?”

“அது பொறகு பாப்பம் முதலாளி. மொதல்ல பெட்டிய முன்னுக்கு இழுங்க.”

“இழுக்க இடமில்லைப் பாருங்கோ. முன்னுக்கு அரிசி மூட்டை நிக்குது.”

“அதுதான் வருத்தம்.”

இழுத்தார்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் இரண்டு விரல் இடம் இருந்தது. அந்த இரண்டு விரல் இடத்தையும் வீணாக்காமல் மடித்த காட்போட் மட்டைகள், இரண்டு பழைய கலண்டர்கள், ஒரு விளக்குமாறு. அவற்றுக்குப் பின்னால் கண்டென்சரின் தகடுகள், தூசியும் கடலுப்பும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கம்பளி போர்த்திருந்தன. காற்றை இழுக்கும் சின்ன விசிறி அந்தக் கம்பளிக்குள் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது, கடமையில் வழுவாமல்.

இங்கே சற்று நிற்கவேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் நினைப்பதற்கு நேர்மாறானது நடக்கும் இடம் இதுதான். பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. குளிர் என்று ஒரு பொருளே இல்லை. சோடாவில் இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பெட்டியின் முதுகால் வெளியே கொட்டுவதே அதன் வேலை. ஒரு லீட்டர் சோடா 30 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறங்க 26 கிலோகலோரி வெப்பம் வெளியேறவேண்டும். அதோடு மோட்டார் தான் உழைத்த சூட்டையும் சேர்த்துக் கொட்டும். உள்ளே ஆவியாகிய காஸ் பின்னால் வந்து திரவமாக மாறவேண்டுமானால், கண்டென்சர் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்து, அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போகவேண்டும். மட்டைக்கும் சுவருக்கும் இடையில் அடைபட்ட காற்றோ தானே வெந்துபோய்க் கிடக்கிறது. அது எதை வாங்கும்? காஸ் திரவமாகாமல் அமுக்கம் ஏறுகிறது, கொம்பிரசர் மூச்சு வாங்குகிறது, உள்ளே போத்தல் வியர்ப்பதற்குப் பதிலாகப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் வியர்க்கிறார்.

வெப்பத்தைக் கொட்ட இடம் வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் நிலம் விற்கும் விலைக்கு வெப்பத்துக்கு யார் இடம் கொடுப்பார்? இந்தப் பகுதியில் மனிதருக்கே மேல்நோக்கித்தான் இடம் இருக்கிறது. அடுக்குமாடிகள் அதற்குச் சாட்சி. ஆகவே கடை முதலாளியைக் குறைசொல்ல முடியாது. பௌதிகவியல் காணி உறுதிகளைப் பார்ப்பதில்லை என்பது மட்டுமே சிக்கல்.

ஆரம்ப நோய் இவ்வளவுதான்: சுவர். மற்ற நோய்களை வைத்தியர்கள் கொண்டுவந்தார்கள். முதலாமவர் வந்தபோது பெட்டிக்குள் இருந்தது அதன் பிறவிக் காஸான ஆர்-12. பெருமை மிக்க வம்சம் அது. முந்திய பெட்டிகளில் ஓடிய அமோனியாவும் கந்தக டையொக்சைட்டும் கசிந்தால் ஆளையே மூச்சடைக்கச் செய்யும் என்பதால், 1928 இல் தோமஸ் மிட்ஜ்லி இதைத் தேடிப் பிடித்தார். 1930 இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் அதை மூச்சாக உள்ளிழுத்து, மெழுகுதிரி மீது ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீப்பற்றாது என்று ஒரே ஊதலில் நிறுவப்பட்டது. பெற்றோலில் ஈயம் கலந்தவரும் இதே மனிதர்தான் என்பதை அங்கே கைதட்டியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம். 1974 இல் ரோலண்டும் மொலினாவும் இந்தக் காஸ் மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று எழுதினார்கள். 1987 செப்டெம்பர் 16 மொன்றியல் உடன்படிக்கை. 1989 டிசம்பரில் இலங்கையும் அதில் சேர்ந்தது. 2010 உடன் வளரும் நாடுகளிலும் ஆர்-12 க்குக் கதவடைப்பு. பெட்டி கனடாவில் இருந்து வந்தபோது சட்டம் கைவிட்ட ஒரு காஸையும் வயிற்றில் சுமந்து வந்தது. சுங்கத்தில் எவரும் மோந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது, அதற்கு மணமே இல்லையென்று சொல்லலாம்.

அந்த ஆர்-12 இன் மேல் முதலாமவர் ஆர்-134ஏ அடித்தார். இரண்டாமவர் ஐசோபியூட்டேன் அடித்தார். மூன்றாமவர் என்ன அடித்தார் என்பது குறித்து மௌனம் நிலவுகிறது. இப்போது காஸ் குறைவல்ல, காஸ் மிகை. கொம்பிரசருக்குத் திரும்பும் குழாய் முழுக்க உறைபனி பூத்துக் கிடந்தது. பார்ப்பவர்களுக்கு அது ஆரோக்கியத்தின் அடையாளமாகத் தெரிந்தது. உள்ளேயோ சோடா வெதுவெதுப்பு. ஐசோபியூட்டேன் பற்றி ஒரு வார்த்தை: நல்ல காஸ், ஓசோனுக்குத் தீங்கில்லை, இன்றைய புதிய பிரிட்ஜுகளில் பல அதில்தான் ஓடுகின்றன. ஆனால் அது எரியும் காஸ். இந்தப் பெட்டியிலோ, காசு விழும் ஒவ்வொரு தடவையும் ஒரு திறந்த சுவிட்ச் பொறி தட்டும். 1950களின் பொறியியலாளர் எரியாத காஸை நம்பி வைத்த சுவிட்ச் அது. கசிவும் பொறியும் ஒரே பிற்பகலில் சந்தித்திருந்தால் இந்தக் கட்டுரை ஆய்விதழில் அல்ல, பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்திருக்கும்.

பாஸ் செய்தது சுத்திகரிப்பு. இவ்விடத்தில் சைவ சித்தாந்தத்தின் உதவியை நாடுகிறோம். அதன் கலைச்சொற்களைவிடப் பொருத்தமானவை குளிரூட்டல் துறையில் இல்லை. மூடிய சுற்றை மும்மலங்கள் பற்றுகின்றன. முதலாவது காற்று. அது எந்த அமுக்கத்திலும் திரவமாக மறுத்துக் கண்டென்சரில் குந்திக்கொள்ளும். ஆணவம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. இரண்டாவது ஈரம். ஒரு துளி போதும்: காஸ் ஆவியாகும் மெல்லிய குழாயின் வாயில் அது உறைந்து அடைக்கும், குளிர் நிற்கும், ஐஸ் உருகும், திரும்ப ஓடும், திரும்ப அடைக்கும். காலையில் குளிர்ந்து மத்தியானம் குளிராமல் பின்னேரம் குளிரும் பெட்டி தன் கன்மத்தை அனுபவிக்கிறது. மூன்றாவது கசடு. ஆர்-12 காலத்துக் கனிம எண்ணெய் ஆர்-134ஏ உடன் கலக்காது. கொம்பிரசருக்குத் திரும்பிவர மறந்து, குளிர்ச் சுருளின் அடியில் தேங்கி, உள்ளதை இல்லாததாகவும் இல்லாததை உள்ளதாகவும் காட்டும். மாயை.

இவற்றை நீக்கும் கிரியை வருமாறு நடந்தது. பழைய காஸ் கலவையைத் திறந்துவிடாமல் ஒரு சிலிண்டருக்குள் இழுத்து எடுத்தார். பழைய வடிகட்டியை வெட்டி எறிந்தார். சுற்றைத் திறந்தால் வடிகட்டியை மாற்றவேண்டும் என்பது விதி, காஸ்வாதிகள் ஒருவரும் மாற்றவில்லை. குழாய்களைக் கழுவினார். வெள்ளி கலந்த பற்றாசில் மூட்டுகளைச் சூடேற்றி ஒட்டினார். உலர்ந்த நைதரசனை அமுக்கத்தோடு ஏற்றி, சவர்க்கார நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் பூசிக் காத்திருந்தார். ஓர் இடத்தில் நுரை ஊதியது. ஓட்டை இருந்ததுதான், முன்னவர் ஒருவர் காஸ் அடிக்கக் குத்திய இடம் அது. அடைத்தார். பிறகு வெற்றிடப் பம்பை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். அமுக்கம் 500 மைக்ரோனுக்கு இறங்கும்போது தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே 24 பாகையிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். வெப்பம் கூடக்கூட ஈரம் சீக்கிரம் போகும் என்பதால், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் கொழும்பின் காலநிலை பெட்டிக்கு உதவி செய்தது என்பதை நன்றியோடு பதிவுசெய்கிறோம்.

ஜீரணோத்தாரணம்

திருப்பணி நடக்கும்போது மூலவரைத் தற்காலிகமாகப் பாலாலயத்தில் வைப்பது கோயில் வழக்கம். சோடாக்களுக்கு முதலாளி அமைத்த பாலாலயம் ஒரு பெரிய ரெஜிபோம் பெட்டி, மீன்காரரிடம் இரவல் வாங்கியது. உள்ளே ஐஸ்.

இனி எழுதுவது எமக்கே சங்கடமானது. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 80 கிலோகலோரி வெப்பத்தை விழுங்கும். ஒரு லீட்டர் சோடாவுக்கு 26 வேண்டும் என்று மேலே கண்டோம். ஆகவே ஒரு கிலோ ஐஸ் மூன்று லீட்டர் சோடாவைக் குளிர்விக்கும். மின்சாரம் வேண்டாம், ஹெர்ட்ஸ் வேண்டாம், காஸ்வாதம் வேண்டாம், சுவரிலிருந்து இடைவெளியும் வேண்டாம். பாலாலய நாட்களில் சோடா வாங்கியவர்கள், இந்தக் கடையில் இதற்கு முன் இப்படிக் குளிர்ந்ததே இல்லை என்றார்கள். 1866 ஆம் ஆண்டு 1950களை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துத் தோற்கடித்தது. பொறியியலாளரும் இதை உள்ளூர ஒத்துக்கொண்டவர்களே. ஏசியின் சக்தியை இன்றும் ‘டன்’ என்று அளப்பது, ஒரு டன் ஐஸ் 24 மணித்தியாலத்தில் உருகி எடுக்கும் வெப்பத்தை வைத்துத்தான். காலி வீதிக் கடைகளின் சுவரில் தொங்கும் 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு என்ற எண் அந்த ஒரு டன் ஐஸின் ஒரு மணித்தியாலக் கூலி. இந்த முடிவை ஆய்விலிருந்து நீக்கலாமா என்று யோசித்தோம். மீன்காரர் பெட்டியைத் திருப்பிக் கேட்டதால் பிரச்சினை தானாகத் தீர்ந்தது.

அடுத்த சர்ச்சை கொம்பிரசர் பற்றியது. அது சுவரோடும் 110 வோல்ட்டோடும் மாரடித்துக் களைத்திருந்தது. பாஸ், புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொம்பிரசர் புதிதாக வாங்கலாம், ட்ரான்ஸ்போமர் விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும் போதும் என்றார். மைத்துனர் கொதித்தார். உயிரை மாற்றினால் பழம்பொருள் என்ற பெயரே போய்விடும் என்பது அவர் கட்சி. வெள்ளவத்தை மரபு மூலத்தைக் காக்கும். கொட்டாஞ்சேனை மரபு ஓடவைக்கும். இரண்டு கட்சிக்கும் நடுவில் கடை முதலாளி, அரிசி மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

இதற்குத் தீர்ப்பு கொச்சிக்கடையில் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. பொன்னம்பலவாணேசர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் 1856 இல் கட்டினார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கி 1912 அளவில் அதைக் கருங்கல்லில் மீளக் கட்டி முடித்தார். கல் புதிது, கோயில் பழையது, அங்கே கும்பிடுபவர் எவரும் இது எந்த ஆண்டுக் கோயில் என்று பூசகரிடம் கேட்பதில்லை. இந்த முன்னுதாரணத்தை எடுத்துரைத்தபோது மைத்துனர் சற்றே இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு: பழைய கொம்பிரசரை எறியக்கூடாது. அது இப்போது கல்லாவுக்குக் கீழே, கதவு மூடாமல் இருக்க முட்டுக்கொடுக்கும் பணியில் இருக்கிறது. பதவி இறங்கினாலும் சேவையில் இருந்து நீங்கவில்லை.

புதிய கொம்பிரசருக்கு ஆர்-134ஏ, அதற்குரிய எஸ்டர் எண்ணெய். காஸைக் கண்மதிப்பில் அடிக்காமல் தராசில் நிறுத்து அடித்தார் பாஸ். பொன் நிறுக்கும் செட்டியார் தெருவுக்கு அடுத்த பேட்டையில் வளர்ந்தவர். பிறகு பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, தரையில் வெள்ளைச் சோக்கால் கோடு கிழித்தார்.

“கோட்டத் தாண்டி ஒரு மட்டையும் வைக்கப்படாது முதலாளி. கரண்ட் போய் வந்தா உடனே போடவேணாம், அஞ்சு நிமிசம் விட்டுப் போடுங்க. உள்ளுக்கு அமுக்கம் சமமாகணும், இல்லாட்டி மோட்டார் எழும்பாது. மாசம் ஒருக்கா பின்னால தூசி தட்டுங்க. உப்புக் காத்து சும்மா விடாது.”

“காஸ் எப்ப அடிக்கவேணும் பாஸ்?”

பாஸ் பதில் சொல்லவில்லை. சாமான் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நாணயவியல்

பெட்டி குளிர்ந்தது. அடுத்து எழுந்த கேள்வி: எந்தக் காசைப் போடுவது?

இந்தப் பெட்டி அமெரிக்க ஐந்து சதத்துக்குச் செய்தது, வட்டம், 21.21 மில்லிமீற்றர், 5 கிராம். அமெரிக்காவில் கோலாவின் விலை 1886 தொடங்கி 1950களின் இறுதி வரை ஐந்து சதமாகவே நின்றதற்கு இத்தகைய பெட்டிகளும் ஒரு காரணம்: ஒரே வகை நாணயத்தைத் தவிர வேறெதுவும் அவற்றின் தொண்டைக்குள் இறங்காது, அடுத்த நாணயமோ பத்துச் சதம். விலையை ஒரேயடியாக இரட்டிப்பாக்கும் துணிவு எவருக்கும் இல்லை. 1953 இல் கொக்கா-கோலாவின் தலைமைப் பீடத்தில் இருந்த ரொபேட் வூட்ரஃப், ஏழரைச் சத நாணயம் ஒன்று அச்சிட்டுத் தரும்படி ஜனாதிபதி ஐசனோவரைக் கேட்டார். கிடைக்கவில்லை. அருகில் ஒரு தமிழர் இருந்திருந்தால், எந்தத் தொகையை வேண்டுமானாலும் கேள், ஏழரையை மட்டும் கேட்டு வாங்காதே என்று தடுத்திருப்பார்.

இலங்கையிலோ ஐந்து சதம் சதுரம். 1909 தொடக்கம் மூலை மழுங்கிய சதுரமாகவே அது வந்தது. இரண்டு சதத்துக்கும் பத்துச் சதத்துக்கும் பூவிதழ் விளிம்பு. சதுரக் காசு உருளாது. உருளாத காசு காசுப்பெட்டியின் சரிவில் இறங்காது. இந்தத் தீவில் காசு போடும் சோடா மெஷின் ஏன் வேரூன்றவில்லை என்று கேட்போர் பொருளாதாரத்தை, இறக்குமதிக் கட்டுப்பாட்டை, 1977 க்கு முந்திய கதையை எல்லாம் ஆராயலாம். நாம் காசின் மூலையைக் காட்டுவதோடு நிறுத்துகிறோம். பின்னாளில் வந்த பத்து ரூபாக் குற்றிக்குப் பதினொரு மூலை. போக்கு எத்திசையில் என்பது தெளிவு.

மைத்துனர் ஒரு பால்மாத் தகரம் நிறைய அமெரிக்க ஐந்து சதங்கள் கொண்டுவந்திருந்தார். நடைமுறை இப்படி அமைந்தது: வாடிக்கையாளர் முதலாளியிடம் ரூபாத் தாளைக் கொடுப்பார், முதலாளி மிச்சத்தோடு ஓர் ஐந்து சதத்தைக் கொடுப்பார், அதைப் பெட்டியில் போட்டுப் போத்தலை இழுத்தெடுக்கவேண்டும், தகரம் வெறுமையானதும் முதலாளி திறப்பால் பெட்டியைத் திறந்து ஐந்து சதங்களை அள்ளித் தகரத்தில் போடுவார். ஆள் இல்லாமல் விற்பதற்காகச் செய்த இயந்திரத்துக்கு இப்போது ஓர் ஆள் முழுநேரம். போத்தலை வாசலால் எடுக்கத் தெரியாதவர்களுக்காக இன்னொரு பொடியன்.

செலவைத் தேற்ற, போத்தலுக்குப் பத்து ரூபா ‘கூலிங் காசு’ சேர்க்கலாம் என்று மைத்துனர் சொன்னார். சோடாப் போத்தலின் மேல் ஆகக்கூடிய சில்லறை விலை அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேலே ஒரு ரூபா வாங்கினாலும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் குற்றம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையார் வந்தால் தண்டம் கட்டவேண்டும். சூடான சோடாவுக்கும் குளிர்ந்த சோடாவுக்கும் சட்டத்தின் முன் விலை ஒன்றே. புதிய கொம்பிரசர், எஸ்டர் எண்ணெய், வெள்ளிப் பற்றாசு, 100 வோல்ட் ட்ரான்ஸ்போமர், ஒரு சாண் வெள்ளவத்தை நிலம், இவையெல்லாம் சேர்ந்து உண்டாக்கிய 26 பாகை வித்தியாசத்துக்கு இந்த நாட்டில் சட்டப்படி பெறுமதி பூச்சியம்.

முதலாளி இதைக் கேட்டுக் கலங்கவில்லை. குளிர்ச் சோடாவுக்கு நிற்பவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பற்றிஸையும் ரோல்ஸையும் பார்க்காமல் போகமாட்டார். அவற்றின் மேல் எவரும் விலை அச்சிடவில்லை. பாசின் கூலியையும் கொம்பிரசரின் விலையையும் அவர் கணக்குக் கொப்பியில் எழுதியிருக்கிறார். பக்கத்தின் தலைப்பு: பற்றிஸ்.